கருப்பட்டி இருக்காங்களா என்று கேட்டு வந்தவர்

திருவொற்றியூர்,
14-6-2004, திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு, காலடிப்பேட்டை சுப்புராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

உடன்குடியில் தாங்களும் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க அந்தச் செந்திலாண்டவன் துணையிருப்பான். இவ்விடத்தில் நான் சுகம், கடை சுகம், பெங்களூரில் மகள் சுகம். தங்கள் தங்கை ஆவுடையம்மாளும் சுகம்தான். எனக்குத் தெரியாமல் இத்தனை சுகமாக இருந்திருக்கிறாள் என்பது போன வாரம்தான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

தங்கள் தங்கை எப்படிப்பட்டவள் என்று தங்களுக்குத் தெரியும். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவள் என்னிடம் பேசியதை எல்லாம் எழுதினால் ஒரு இன்லண்டு லெட்டரிலேயே பாதி இடம் மிஞ்சும். "ம்", "சரி", "ஆட்டும்", "சாப்பாடு ஆயிட்டு". இவ்வளவுதான். குணமான பெண், வாய் கிடையாது என்று நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாடு கடைக்கு அடுக்குச்சட்டியில் வந்துவிடும், கடையில் வேலை பார்க்கும் வியாசர்பாடி துரை போய் வாங்கி வருவான். ரசத்தில் உப்பு இல்லை என்றால் மட்டும் நான் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வேன். கொஞ்ச காலமாக இரண்டு மணிக்குப் போட்டாலும் நாலு மணிக்குப் போட்டாலும் போன் எங்கேஜாகவே இருந்தது. கோளாறு என்று எழுதிக் கொடுத்தேன். லைன்மேன் லியோனார்ட் வந்து பார்த்தார். மறுபடி எழுதிக் கொடுத்தேன், மறுபடி வந்தார். மூன்றாவது தடவை என் கடைக்கே வந்து உளுந்து மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"நைனா, மூணு தபா கம்பத்துல ஏறிட்டேன். லைன்ல ஒண்ணியும் இல்ல. வூட்ல யாரோ யூஸ் பண்ணிக்கினு கீறாங்க."

"வீட்டில் இருக்கது என் சம்சாரம் ஒருத்திதான். அவ என்கிட்டயே பேச மாட்டா. போன்ல யார்கிட்ட பேசப் போறா?"

லியோனார்ட் பேண்டில் ஒட்டியிருந்த உளுந்தைத் தட்டிவிட்டார். "அத்த நீதான் நைனா கேக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் அதையும் காதில் வாங்கவில்லை.

போன திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடை வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கனமான பை. உள்ளே வந்து கைகூப்பி, "இங்கே கருப்பட்டி இருக்காங்களா?" என்றார். வெளிநாட்டில் இருப்பவர்போல் இருந்ததால் தமிழ் கொஞ்சம் கோணுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இருக்கு சார். எத்தனை கிலோ?"

"உடன்குடிதானே?"

"அசல் உடன்குடி. என் சம்சாரம் ஊர்லேருந்தே வருது."

"அப்ப சரியாத்தான் வந்திருக்கேன். நான் சிங்கப்பூர்லேருந்து வர்றேன், பேரு கருணாகரன். ரெண்டு வருஷமா தினமும் ரசிக்கிறேன். நேர்ல ஒரு தடவை பார்த்துட்டுப் போகணும்."

"பாக்கதுக்கென்ன, தாராளமா பாருங்க" என்று சாக்கைப் பிரித்துக் காட்டினேன். அவர் சாக்குக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி சாக்குக்குள் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவர் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அதில் என் கடை விலாசம் இருந்தது, எங்கள் வீட்டுத் தபால் எல்லாம் கடைக்குத்தான் வரும். மேலே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "கருப்பட்டி (எ) ஆவுடையம்மாள்" என்று இருந்தது.

அத்தான், மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது ஒரு கம்ப்யூட்டரை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள் அல்லவா. தங்கள் தங்கை அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்து மூடி வைத்திருந்தாள். அது தூசி படாமல் இருப்பதற்கு என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் கம்ப்யூட்டர் சூடாக இருப்பது எனக்குத் தெரியாமல் இருப்பதற்கு. போன் லைன் வழியாகத்தான் இணையம் வருமாம், போன் எங்கேஜாக இருந்ததும் அதனால்தான். இணையத்தில் "கேட்டால் சொல்வோம்" என்று ஒரு குழுவாம். கனடாவிலிருந்தும் துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் நானூறு பேர். யாராவது ஒருவர் ஏறுக்குமாறாக ஒரு கேள்வி போடுவாராம், விடுகதை போடுவாராம், மற்றவர்கள் பதில் சொல்வார்களாம். அதில் இரண்டு வருஷமாக முதலிடத்தில் இருப்பது கருப்பட்டி. இந்த வருஷப் போட்டியில் ஜெயித்ததற்குப் பரிசாக ஒரு தமிழ் அகராதியைக் கொடுக்கத்தான் கருணாகரன் வந்திருக்கிறார். வருகிற 20-ஆம் தேதி ராயபுரத்தில் ஒரு மண்டபத்தில் குழு கூடுகிறதாம், கருப்பட்டி மேடையேறிப் பதில் சொல்ல வேண்டுமாம்.

 நான்தான் கணவன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. "அந்த அம்மா நம்ம வாடிக்கைதான், இப்ப கோயிலுக்குப் போயிருப்பாங்க, நான் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டேன். அவரும் நம்பி, துரை வாங்கி வந்த டீயைக் குடித்தபடி, கருப்பட்டியின் பதில்கள் அச்சடித்த தாள்களை எடுத்து உரக்க வாசிக்க ஆரம்பித்தார். கடையில் அப்போது ஆறு பேர் நின்றார்கள். கடல் ஏன் ஓயாமல் இரைகிறது என்று கனடாக்காரர் கேட்டிருக்கிறார். உள்ளே இருக்கும் மீன் எல்லாம் "இரை, இரை" என்று கேட்பதால் என்று கருப்பட்டி சொல்லியிருக்கிறாள். எண்ணூர் எங்கே இருக்கிறது என்றால், எழுநூறுக்கு அடுத்து. மணலிக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்றால், முதலில் அது மணமிலி, அங்கே ஆலை நாற்றம் அடிக்கிற அடியில் நடுவிலிருந்த "மி" மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டது. ஆண்களுக்கு ஏன் மறதி அதிகம் என்று ஒருவர் கேட்டதற்கு, "மறதி இல்லை. மறப்பதற்கு முதலில் காதில் விழுந்திருக்க வேண்டும்." கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பருப்பு வாங்க வந்த ராஜாத்தி அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன் அத்தான். சிரித்த பிறகுதான் யார் சொன்னது என்று நினைவு வந்தது.

"இதைக் கேளுங்க, இதுதான் ரொம்பப் பிரசித்தம்" என்றார் கருணாகரன். "'ஊருக்குள்ளே மணி, வீட்டுக்குள்ளே பூட்டு. அது என்ன?' கோயில்னு சொன்னாங்க, பள்ளிக்கூடம்னு சொன்னாங்க. ஒருத்தர் தீயணைப்பு வண்டின்னு சொன்னார். மூணு நாள் யாராலயும் முடியல. கடைசில கருப்பட்டியே சொன்னாங்க. 'என் வீட்டுக்காரர்'."

யாரும் என்னைப் பார்க்கவில்லை, துரையைத் தவிர. அவன் மட்டும் டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே, "இன்னா அண்ணாச்சி, அப்டியே உங்கள மாரியே கீது" என்றான். நான் ராஜாத்தி அம்மாளுக்கு ஒரு கிலோ துவரம்பருப்புக்கு இரண்டு கிலோ நிறுத்துக் கொடுத்தேன் என்று அவர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் தெரிந்தது. போகும்போது கருணாகரன் என் கையைப் பிடித்து, "பாவம் சார் அந்த மனுஷன். பக்கத்துலயே இப்படி ஒரு ஆள் இருக்கிறது தெரியாமயே வாழ்ந்துட்டிருக்கார்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனேன். "சாப்பாடு ஆயிட்டு" என்றாள். நான் "ம்" என்றேன். நான் "ம்" சொன்னது அன்றைக்குத்தான் எனக்கே கேட்டது. அகராதியைக் கடையிலேயே அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டேன்.

மறுநாள் தேரடிப் பக்கம் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதை நடத்தும் பெனிஷா என்கிற பெண் பொறுமைசாலி. அந்தக் குழுவில் என்னையும் சேர்த்துவிடச் சொன்னேன். "என்ன பேர் வைக்கணும் அங்கிள்?" என்று கேட்டாள். "பேரு வேண்டாம்மா" என்றேன். அதையே பெயராகப் போட்டுவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் துபாயிலிருந்து ஒருவர், "வருக வருக, பேருவேண்டாம்மா அம்மையாரே" என்று வரவேற்றுவிட்டார். நான் சொல்லச் சொல்லப் பெனிஷா தட்டினாள். குடும்பப் பெண்கள் இப்படிப் பொதுவில் வாயாடலாமா என்று முதல் கேள்வி போட்டேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கருப்பட்டியிடமிருந்து பதில் வந்தது: "வீட்டில் வாய் ஆடினால் பொதுவில் ஏன் ஆடப் போகிறது?" நானூறு பேரும் கை தட்டினார்கள். கைதட்டலை எழுத்தில் எப்படிப் போடுவது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

புதன், வியாழன் இரண்டு நாளும் அங்கேயே உட்கார்ந்து அவள் எழுதியதை எல்லாம் படித்தேன். துரை வந்து "சரக்கு வந்துகீது அண்ணாச்சி" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். போகவில்லை. இவ்வளவு கேலியும் இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் என் வீட்டு அடுக்களையிலா இருந்தது? தெரியாத ஊர்க்காரன் ஒருவன் தனக்கு வேலை போய்விட்டது என்று எழுதினால் அவனுக்கு அவள் அவ்வளவு ஆறுதல் சொல்லியிருக்கிறாள். ஒரு பெண் பிள்ளைப்பேற்றுக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதியதற்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்து வந்து, கடைசியில் அது பொறாமையாகப் போய்விட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை மத்தியானம் பெனிஷாவிடம் ஒரு கேள்வியைத் தட்டச் சொன்னேன். இருபத்தேழு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்த மனைவியிடம் ஒரு ஆள் பேச்சைத் தொடங்க வேண்டும் என்றால் முதலில் என்ன கேட்க வேண்டும்? பெனிஷா தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மீதியைத் தட்டினாள். மன்னிப்புக் கேட்கட்டும் என்றார் மலேசியாக்காரர். அவள் பெயரைக் கேட்கட்டும் என்றார் இன்னொருவர். இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்கிற கருப்பட்டி அன்று பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்தது: "எதையாவது கேட்கட்டும். பதில் வரும்வரை நின்றால் போதும்."

கடையைத் துரையிடம் விட்டுவிட்டு அந்த வெயிலில் வீட்டுக்கு நடந்தேன். அவள் கம்ப்யூட்டருக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. "ராத்திரிக்கு என்ன?" என்றேன்.

"தோசை" என்றாள். உள்ளே போனாள். திரும்பி வந்தாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன நிக்கிய?"

"சும்மாதான். நீ சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

நான் நகரவில்லை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "எங்கம்மா செத்துப் பதினாறு முடிஞ்சு ரயிலேறினோம். மதுரை தாண்டுத வரைக்கும் நான் அழுதுக்கிட்டே வந்தேன். நீங்க ஜன்னல் வழியா பாத்துட்டு, 'விருதுநகர்ல எறங்கி வத்தல் விலை கேட்டுருக்கலாம்'னு சொன்னிய. இனி இவியகிட்ட என்னத்தப் பேசன்னு அன்னைக்கு விட்டுட்டேன்."

அத்தான், அந்த ரயிலில் நான் அப்படிச் சொன்னது எனக்குத் துளியும் நினைவில்லை. சொல்லியிருப்பேன் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். பதினான்கு வருஷம் ஆயிற்று. அதற்கு முன் அவள் பேசியதும் என் காதில் விழுந்ததில்லை. பதினான்கு வருஷமாக அவள் குணமானவள் என்று நான் பெருமையடித்திருக்கிறேன். அன்றைக்கு அவள் பேசினாள், பேசினாள், மாவு புளித்துப் பொங்கி வழியும் வரை பேசினாள்.  நின்றதால் கால் வீங்கிவிட்டது.

இருந்தாலும் அத்தான், வீட்டில் பேசுவது வேறு, மைக் பிடிப்பது வேறு. ராயபுரத்தில் நம் ஆட்கள் எத்தனை பேர் கடை வைத்திருக்கிறார்கள். பூட்டு, மணி என்று அங்கே சொன்னால் நான் எந்த முகத்தோடு வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்குப் போவேன்? என் சொல்லை அவள் கேட்கமாட்டாள், கேட்கும்படி நான் இதுவரை ஒன்றும் சொன்னதும் இல்லை. ஆகவே தாங்கள் சனிக்கிழமைக்குள் கட்டாயம் புறப்பட்டு வந்து, மூத்தவர் என்கிற முறையில் அவளைத் தடுத்து நிறுத்த வேண்டும். வேறு கதி இல்லை.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரத்தையும் சிறியவர்களுக்கு ஆசியையும் சொல்லவும். எல்லோருக்கும் நல்ல மழையும் நல்ல வார்த்தையும் கிடைக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
சுப்புராஜ்.

பின்குறிப்பு: இன்று ஞாயிறு. இந்தக் கடிதத்தை ஒட்டிச் சட்டைப்பையில் வைத்து ஆறு நாள் ஆகிவிட்டது, தபாலில் போடவில்லை. ஆகையால் தாங்கள் வரவில்லை என்று நான் வருத்தப்பட முடியாது. துவைக்க எடுத்த சட்டையில் ஆவுடை இதைக் கண்டுபிடித்து முழுவதும் படித்து, அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து நான் எடுத்துக் கொடுத்த அகராதியைப் பார்த்து நான்கு இடத்தில் "ர"வை "ற"வாகத் திருத்தி, "எழுத்து நல்லாருக்கு, அனுப்புங்க" என்று சொன்னதால் அனுப்புகிறேன். மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். ராயபுரத்துக்குப் பஸ்ஸில் போனோம். பஸ் நிறையக் கூட்டம். மேடைக்குப் பழக்கம் செய்கிறேன் என்று என்னிடம் ஒரு விடுகதை போட்டாள்: "கட்டினவன் அவிழ்க்க மாட்டான், அவிழ்க்கிறவன் கட்டியிருக்க மாட்டான்." எனக்குக் காது சூடாகிவிட்டது. "ஊர் சிரிக்கும், மெதுவா பேசுடி, நல்ல குடும்பத்துப் பொம்பள கேக்கிற கேள்வியா இது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். முன் சீட்டுக்காரர் திரும்பிவிட்டார். அவள் என்னை நிதானமாகப் பார்த்து, "பொட்டலம்" என்றாள். ஒரு நாளைக்கு இருநூறு பொட்டலம் கட்டுகிறவன் நான். கண்டக்டர் வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு, "இன்னா நைனா, எறங்கல?" என்று கேட்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.