மொன்டானா என்னைக் கணக்கு கேட்கிறது

ஷெரிடன், வயோமிங்
மார்ச். பனி இன்னும் போகவில்லை.

அன்புள்ள டெல்மர் பெரியப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் உங்கள் முழங்காலும் நலமா? நீங்கள் எனக்கு இரவல் தந்த குதிரை ஜூனிபர் மிக நலம். அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன வருடத்துக்கு முந்தின வருட நன்றித் திருநாள் விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே சொன்னீர்கள்: "நாம வயோமிங்காரங்க. இங்க மாநில வருமான வரியே கிடையாது. எந்த மாநிலமும் இதுவரைக்கும் என் வரிக் கணக்கப் பாத்ததில்ல. நம்ம வீட்ல எவனாவது வெளிய போய் ஜெயிச்சு, இன்னொரு மாநிலம் அவனக் கணக்கு கேக்கட்டும் பாப்போம். அப்படி ஒரு மாநிலம் கணக்கு கேக்கற மொத ஆளுக்கு ஜூனிபர்."

"அவன் இல்லாமல் அவள் என்றால்?" என்று கேட்டேன்.

"அவளுக்கும்தான். அந்த உருளைக்கிழங்க இப்படித் தள்ளு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தள்ளினேன்.

பிறகு போன ஜூலை. எல்லைக்கு அப்பால் மொன்டானாவில் ரோடியோ, பீப்பாய்களைச் சுற்றிக் குதிரை ஓட்டும் பந்தயம். வழியில் வண்டி சூடாகி நின்றது, அப்பா காபியை ரேடியேட்டரில் ஊற்றினார், களத்தில் இறங்கியதும் என் தொப்பி பறந்தது, இரண்டாவது பீப்பாயை முழங்காலால் இடித்தேன், அது ஆடியது, ஆடியது, விழவில்லை, அறிவிப்பாளர் என் பெயரைத் தப்பாகச் சொன்னார், ஆனால் முதல் பரிசுக்குரிய பெயராகச் சொன்னார். வழக்கப்படி குதிரையின் சொந்தக்காரர் பங்கு, பரிசில் கால்வாசி, முதலில் உங்கள் கைக்கு வந்தது. எண்ணாமல் பையில் போட்டீர்கள். பெருந்தன்மை.

நேற்று வரிக் கணக்கு எழுதும் திருமதி லண்ட்கிரெனிடம் போனோம்.

"நான் மொன்டானாவில் குடியில்லையே," என்றேன்.

"குடியிருக்க வேணாம்மா. அங்க சம்பாதிச்சேல்ல? அங்கயும் தாக்கல் பண்ணணும்."

"கட்டாயமா?" என்றார் அப்பா.

"கட்டாயம்தான்."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

கோபம் என்று நினைத்து அவர் தண்ணீர் கொடுத்தார். அப்பாவுக்குக் கண் கலங்கியிருந்தது.

அங்கிருந்து நேராகத் தீவனக் கடை. "எம் பொண்ணக் கணக்கு கேக்குது, மொன்டானா."

"அடப்பாவமே," என்றார் கடைக்காரர்.

"என்ன பாவம்? ஒன்ன எந்த மாநிலமாவது கேட்டிருக்கா?"

மூன்று வருடமாகப் பல்கலைக்கழகத்தில், நான் யார் என்று கேட்கும் புத்தகங்களைப் படிக்கிறேன். பதில் படிவத்தில் இருந்தது. வெளிமாநிலத்தவர். வருமானம் உண்டு.

ஆகவே ஜூனிபரின் உரிமை மாற்றுப் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பெரியம்மாவுக்கு முத்தங்கள். உங்கள் முழங்காலை ஆண்டவர் கவனித்துக்கொள்ளட்டும்.

அன்பு மகள்,
கோரா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் திருமதி லண்ட்கிரென் தொலைபேசினார். "அந்தக் கால்வாசி யாருக்குப் போச்சு?" சொன்னேன். "அப்ப அவரும் மொன்டானாவுல சம்பாதிச்சிருக்காரு. அவரும் தாக்கல் பண்ணணும்." உங்கள் பங்கு கைக்கு வந்தது எனக்கு முன்னால். எந்த மாநிலமும் உங்கள் கணக்கைப் பார்த்ததில்லை என்றீர்களே, இனி நம் வீட்டில் மொன்டானா கணக்கு கேட்கும் முதல் ஆள் நீங்கள்தான். குதிரை உங்களுக்கே. வாழ்த்துகள். இதைத் தீவனக் கடையில் சொல்ல அப்பா பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறார். முதல் ஆள் கோராதான் என்று நீங்கள் சொன்னால் கழற்றிவிடுவார். பத்திரத்தை இணைத்திருக்கிறேன், உங்கள் கையெழுத்து மட்டும் பாக்கி.