காது உயரம்

குதிகாலில் தொடங்கிய வலி, கடை திறந்த சற்று நேரத்திலேயே முழங்காலுக்கு ஏறிவிட்டது. சலூன்காரர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். கடையில் முடி வெட்டும் நாற்காலி இரண்டு. காத்திருப்பவர்களுக்கு பிளாஸ்டிக் ஸ்டூல் நான்கு. எல்லாமே காலி. ஆனாலும் அவர் உட்காரவில்லை.

இத்தனை வருடத் தொழிலில் அவர் தன் கடையில் உட்கார்ந்ததே இல்லை. வெட்டுகிறவன் உட்கார்ந்தால் கடை படுத்துவிட்டது என்று தெருவே பேசும். தலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். கையில் சீப்பு இருக்க வேண்டும்.

கடை படுக்கத்தான் போகிறது என்பது அவருக்கும் தெரியும். எதிரே புதிதாக ஒரு சலூன் வந்திருந்தது. மூன்று படி ஏறிப் போக வேண்டிய கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. அது திறந்த நாளிலிருந்து இவரிடம் வந்துகொண்டிருந்த தலைகள் ஒவ்வொன்றாக அந்தப் படி ஏறின. இப்படியே போனால் கத்தரியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வேறு எவன் கடையிலாவது கூலிக்கு நிற்க வேண்டியதுதான்.

"அவன்கிட்ட ஏசி இருக்கு. நம்மகிட்ட என்ன இருக்கு?" என்றாள் மனைவி, துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டே.

"பாட்டு."

"எந்தப் பாட்டு? நான் பாடுற பாட்டா?"

"இன்னிக்கு வருது பாரு."

மத்தியானம் தள்ளுவண்டியில் வந்தது. மாற்றலாகிப் போகும் பேங்க்காரர் ஒருவர், பழைய வாடிக்கையாளர், தன் ஸ்பீக்கர் இரண்டையும் மலிவாகக் கொடுத்திருந்தார். வண்டிக்காரர் ஒன்றை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள என்னண்ணே, கருங்கல்லா?"

"ஸ்பீக்கர்ப்பா. பாடும்."

"அது பாடுறதுக்கு முந்தி என்னை அழ வெச்சிருச்சே."

பேங்க்காரர் கொடுக்கும்போதே புத்தி சொல்லித்தான் கொடுத்தார். "பேரு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். ஆனா ஷெல்ஃபுல மட்டும் வெச்சிடாதீங்க. இதுக்குத் தனியா ஸ்டாண்டு வேணும். ஸ்டாண்டு ஆடினா பாட்டும் ஆடும். இன்னொண்ணு, மேல சின்னதா ஒரு வாய் இருக்கு பாருங்க, அது காது உயரத்துக்கு வரணும். இல்லேன்னா எல்லாம் தண்டம்."

"உங்க ஸ்டாண்டு எங்க சார்?"

"அதை என் மச்சான் எடுத்துட்டுப் போயிட்டான். ஸ்பீக்கர் கனமா இருக்குன்னு இதை விட்டுட்டான்."

கடைத்தெருவில் ஸ்டாண்டு விலை கேட்டார். ஸ்பீக்கர் விலையைவிட அதிகம். "காலுக்கே இவ்வளவா? முழு ஆளே அவ்வளவு விலைக்கு வரலியே!" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

பேர் ஷெல்ஃப் ஸ்பீக்கர்தானே, ஷெல்ஃபில் வைத்தால் என்ன ஆகிவிடும் என்று முதலில் கண்ணாடிக்கு மேல் இருந்த பலகையில் ஏற்றினார். பலகை வில்லாக வளைந்தது. பவுடர் டப்பாக்கள் இரண்டு பக்கமிருந்தும் வழுக்கி வந்து நடுவில் கூட்டம் போட்டன. அவர் ஸ்பீக்கரைத் தாங்கிப் பிடித்துவிட்டார். பலகையைத் தாங்கிய ஆணியைப் பிடிக்க ஆள் இல்லை. அது சுவரில் ஒரு கை அகலத்துக்குச் சாந்தைப் பெயர்த்துக்கொண்டு வந்து கண்ணாடியில் விழுந்தது. மூலையில் கீறல்.

"பரவால்ல," என்றாள் மனைவி. "இனிமே ஒருத்தர் வந்தா ரெண்டு பேர் வந்த மாதிரி தெரியும்."

அடுத்து ஸ்டூல். இரண்டு ஸ்டூலை மூலைக்கு ஒன்றாகப் போட்டு ஸ்பீக்கரை வைத்தார். ஸ்டூலின் கால்கள் நான்கும் நான்கு திசைக்கு அகன்றன. ஆனால் நின்றன. மறுநாள் ஒரு வாடிக்கையாளருக்குப் பாதி சவரம் முடிந்திருந்தபோது மேளச் சத்தம் நிறைந்த பாட்டு ஒன்று வந்தது.

"அண்ணே," என்றார் சோப்பு நுரைக்குள்ளிருந்து வாடிக்கையாளர், கண்ணாடியைப் பார்த்தபடி. "உங்க பெட்டி நடந்து வருது."

"பேசாதீங்க, கத்தி படும்."

"நெசமாண்ணே. ஓரத்துக்கு வந்திருச்சு."

சலூன்காரர் கத்தியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். கை எட்டவில்லை. கால் எட்டியது. ஸ்பீக்கருக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை, கட்டைவிரல் மேல் பத்திரமாக இறங்கியது. அந்த வலி வந்ததும் குதிகால் வலி மரியாதையாக ஒதுங்கி நின்றது.

மூன்றாவது யோசனை கொத்தனாருடையது. பழைய சிநேகிதர். அவரும் இவரும் ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"என்னைக் கேக்காம ஸ்டூலு கீலுன்னு திரியுறியே மாப்ளே. சிமெண்டுக் கல்லு, அதான் ஹாலோ பிளாக்கு, நாலு அடுக்கினா யானை ஏறி நிக்கும்."

"எங்கிட்ட யானை இல்லியே, ஸ்பீக்கர்தான் இருக்கு."

"அப்ப இன்னும் நல்லா நிக்கும்."

நிஜமாகவே நின்றது. தள்ளினாலும் அசையவில்லை. செலவும் கிடையாது, வேலை நடந்த இடத்தில் மிஞ்சிய கல். ஆனால் தெருவில் போனவர்கள் சலூனுக்குள் சிமெண்டுக் கல் அடுக்கியிருப்பதைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் சும்மா போவார்களா?

"இடிக்கப் போறீங்களா?" என்றார் ஒருவர்.

"கடையை மூடுறாராம், சுவர் எழுப்புறாராம்," என்று இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் ஒரு அம்மாள் வாசலில் நின்று உள்ளே நீள அகலம் பார்த்தார்.

"இது எப்ப காலியாகுது தம்பி? மாவு மில்லு போடலாம்னு இருக்கேன்."

மிச்சமிருந்த வாடிக்கையாளர்களும், மூடப்போகிற கடைக்கு எதற்கு என்று எதிர்ப்படி ஏறினார்கள். சலூன்காரர் கல்லை எல்லாம் திருப்பி அனுப்பினார்.

"மாப்ளே, யானை வந்துச்சோ இல்லியோ, ஆள் வர்றது நின்னு போச்சு."

கடைசியில் வெல்டரிடம் போனார். வெல்டர் ஸ்பீக்கரைத் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார், கண்ணை மூடிக் கணக்குப் போட்டார்.

"பழைய இரும்பு பைப்பு இருக்குண்ணே. அடியில கனமான தகடு. பைப்புக்குள்ள மணலைக் கொட்டி வாயை அடைச்சு வெல்டு வெச்சிடறேன். கிணுகிணுங்காது. தகட்டைத் தரையோட போல்ட்டு போட்டு முடுக்கிடலாம்."

"எவ்வளவு ஆகும்?"

"காசு வேணாம். எங்க வீட்டுல நாலு தலை இருக்கு. ஒரு வருசத்துக்கு வெட்டி விட்டுடுங்க."

சலூன்காரருக்கு அது சரியென்று பட்டது. தலைக்குத்தான் இப்போது பஞ்சம். இலவசத் தலையாவது கடைக்குள் இருந்தால் நாலு பேர் பார்ப்பார்கள்.

"உயரம்?"

"காது உயரம். அதுதான் முக்கியமாம்."

"அசையாம நில்லுங்க." வெல்டர் டேப்பின் நுனியைத் தன் கால் விரலால் தரையோடு மிதித்துக்கொண்டு, மறு நுனியைச் சலூன்காரரின் காது வரை இழுத்தார். சாக்பீஸால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

ஸ்டாண்டு இரண்டும் வந்தன. பின்சுவரோரம் வாசலைப் பார்த்து நிறுத்தி போல்ட்டு முடுக்கினார்கள். வெல்டர் ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கூடப் பார்த்தார். தரை அசைந்தாலும் அது அசையாது போலிருந்தது. சலூன்காரர் இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே நின்று பாட்டைப் போட்டார். பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்டது. கம்பியில் விரல் உரசுவது கேட்டது. குதிகால் இருப்பதே மறந்துவிட்டது.

"இனிமே பாருங்க," என்றார் வெல்டரிடம்.

முதல் வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்தார். கழுத்தில் துணி கட்டியதும் கேட்டார்: "பாட்டு கீட்டு போட மாட்டீங்களா?"

"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு!"

"இதுவா? பக்கத்து வீட்டுலன்னு நெனச்சேன்."

சத்தத்தைக் கூட்டினார். "இப்ப?"

"இப்ப அடுத்த தெருவுல பிளேன் போற மாதிரி இருக்கு."

உனக்குக் காது மந்தம் என்று வாடிக்கையாளரிடம் சொல்ல முடியாது. சலூன்காரர் நாற்காலியின் மிதியை மிதித்தார். நாற்காலி உயர்ந்தது.

"இப்ப எப்படி?"

"கொஞ்சம் தேவலாம். போதும்ணே."

"இருங்க, காது இன்னும் நேருக்கு வரல." மிதித்தார்.

"ஃபேன் காத்து பலமா வருதுண்ணே."

"நல்லதுதானே, ஏசி மாதிரி."

"காத்து இல்லண்ணே, ஃபேனே வருது."

மிதி அதற்கு மேல் இறங்காத இடத்தில் நிறுத்தினார். காதும் ஸ்பீக்கரும் ஓரளவு நேருக்கு வந்துவிட்டன. ஆனால் உச்சந்தலை அவர் கைக்கு எட்டவில்லை. ஸ்பீக்கரைத் தாங்காத அதே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்றார். ஸ்டூல் ஆடியது. அவர் ஆடினார். கத்தரியும் ஆடியது. வாடிக்கையாளர் கண்ணாடியில் தன் பின்தலையைப் பார்த்து, ஓடும் பஸ்ஸிலிருந்து குதிப்பவர்போல் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவரை அந்தத் தெருவிலேயே காணோம்.

சாயங்காலம் மனைவி துண்டுகளோடு வந்தாள். மூட்டையை வைத்துவிட்டு, கால் ஓய்ந்து, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, பாட்டு என் தலைக்கு மேல போகுது."

"புரியலேன்னா அப்படித்தான் இருக்கும்."

"புரியாம இல்ல. நெசமாவே மேல போகுது. கையை நீட்டினா பிடிச்சிடலாம் போல. அந்த வெல்டர் யாரு காதை அளந்தாரு?"

"என் காதைத்தான்."

"நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?"

அவர் சீப்பைப் பார்த்தார்.

"நான் எப்ப இங்க உக்காந்தேன்?" என்றார், தன்னைத்தானே கேட்பதுபோல.

வெல்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். வெல்டர் வந்து ஸ்டாண்டைத் தட்டிப் பார்த்துப் பெருமைப்பட்டார்.

"அறுக்கலாம்ணே. போல்ட்டைக் கழட்டணும், மணலைக் கொட்டணும், அறுக்கணும், திரும்ப ஒட்டணும். புதுசு செய்யுறதைவிட வேலை ஜாஸ்தி."

"என்ன கேக்குறீங்க அதுக்கு?"

"எங்க மச்சினன் வீட்டுல அஞ்சு தலை இருக்கு."

சலூன்காரர் கணக்குப் போட்டார். ஒன்பது தலையை இலவசமாக வெட்டிவிட்டு எதைச் சாப்பிடுவது? அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த வாரத்தில்தான் எதிர்க்கடையில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். கண்ணாடிக் கதவு திறந்து கிடந்தது. சாத்திக்கொள்ளாமல் இருக்கத் தண்ணீர் கேன் ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். உச்சி வெயிலிலும் அப்படியே.

"ஏசி போட்ட கடையில கதவை ஏன் தொறந்து வெச்சிருக்கான்?" என்றாள் மனைவி.

"ஏசி புட்டுக்கிச்சு. வேற என்ன?"

கொத்தனார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள எலி செத்திருக்கும் மாப்ளே," என்றார்.

"நம்ம சத்தம் தாங்காம இருக்குமோ?" என்று சலூன்காரர் ஆசையாகக் கேட்டார்.

"சத்தம் தாங்கலேன்னா கதவைச் சாத்துவானா, தொறப்பானா?" என்றாள் மனைவி. அவளுக்கு அந்தக் கதவு இரவில் தூக்கத்தையே கெடுத்துவிடும் போலிருந்தது. துண்டு காயப்போடும் சாக்கில் நாலு தடவை தெருவைத் தாண்டிப் போய்ப் பார்த்தாள். படி உயரத்தில் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஆட்கள் வெளியே படியில் உட்கார்ந்திருப்பதுதான் தெரிந்தது.

"பாத்தியா! உள்ள புழுக்கம் தாங்காம வெளிய வந்து உக்காந்திருக்கானுங்க," என்றார் சலூன்காரர். அவர் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு சிரிப்பு வந்தது. "இந்த வெயில் ஒரு மாசம் அடிச்சாப் போதும். படியும் வேணாம் பவுடரும் வேணாம்னு எல்லாரும் இங்கதான் வரணும்."

"அப்ப ஏன் யாரும் வரல?"

"வருவாங்க. கூப்பிடுற மாதிரி பாட்டைப் போடணும்." சத்தம் கூட்டும் திருகை முடிந்த மட்டும் திருகினார்.

மறுநாள் மத்தியானம் ஆள் வந்தது. தலை வெட்டிக்கொள்ள அல்ல. எதிர்க்கடையில் வேலை பார்ப்பவர், காதில் சீப்பைச் செருகியபடி தெருவைத் தாண்டி நேராக உள்ளே வந்தார். சலூன்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். மனைவி ஈரத்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"என்ன, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி உங்க முதலாளி அனுப்பினாரா?"

"ஐயையோ, அதெல்லாம் இல்லண்ணே." அவர் ஸ்டாண்டைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. "நல்ல ஸ்டாண்டு. உயரம் கச்சிதமா வெச்சிருக்கீங்க."

அந்த உயரத்தைப் பாராட்டிய முதல் ஆள் அவர்தான். சலூன்காரருக்குக் கோபப்படுவதா நன்றி சொல்வதா என்று தெரியவில்லை.

"ஏசி ரிப்பேராமே?" மனைவிக்கு இனியும் பொறுக்கவில்லை.

"அது நல்லாத்தான் ஓடுதுக்கா."

"பின்ன எதுக்குக் கதவைத் தொறந்து போட்டிருக்கீங்க?"

வந்தவர் தெருப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சாத்தினா பாட்டு கேக்கலேன்னு கஸ்டமருங்க சண்டைக்கு வர்றாங்கக்கா. மூணு படி ஏறி உக்காந்தா காது சரியா உங்க பெட்டிக்கு நேரா வருது, இப்ப இடமில்லாம படியில உக்காந்து காத்துக்கிடக்குறாங்க. நியாயமாப் பாத்தா உங்க கரண்டு பில்லுல பாதி நாங்க தரணும்ணே. முதலாளி தர மாட்டாரு, ஆனா பாக்கி பாக்கிதான்."