சாமுவேலுக்குப் பெயர் வைத்த குழு

உலக வரலாற்றில் நியாயமான குழு என்று ஒன்று கூடியிருந்தால், அது மாமனார் தம் வீட்டுக் கூடத்தில் கூட்டிய 'பெயர்த் தேர்வுக் குழு'தான். பேரனுக்கு வேதாகமப் பெயர் ஒன்றைத் தேர்வது அதன் நோக்கம். அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் தலைவர். கணவன் செயலாளர். நாத்தனார் உறுப்பினர். மருமகள் குழுவில் இல்லை. பெற்றவள் பாரபட்சம் காட்டக்கூடும் என்பதால், நியாயம் கருதி விலக்கப்பட்டிருந்தாள்.

அவளோ பல வருடம் பிள்ளைக்காக அழுதவள். வயிற்றில் சுமக்கும் முன்பே ஒரு பெயரை மனத்தில் சுமந்தவள்.

"மாமா, சாமுவேல்னு வைக்கலாமா?" என்றாள், தேநீர்த் தட்டோடு.

"சர்க்கரை கம்மி" என்றார் தலைவர்.

"வெளிநாட்டுக்காரன் வாயிலயும் சுலபமா நுழையணும்" என்றான் செயலாளர்.

"நுழையட்டும் தம்பி. என் பிள்ளை பேரைவிட நல்லா மட்டும் இருந்துடக் கூடாது" என்றாள் உறுப்பினர்.

கூலிக்கு வந்திருந்த 'பெயர் ஆலோசகர்' மடிக்கணினியைத் திறந்து, கனைத்துக்கொண்டார். "என் ஆய்வின் முடிவு, சாமுவேல்."

கூடம் சிலிர்த்தது.

"நம்ம யாருக்குமே தோணலையே" என்றாள் நாத்தனார்.

"எபிரெயப் பேருங்க. கடவுள் செவிகொடுத்தார்னு பொருள் சொல்றாங்க. பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்துல வேண்டினா. உதடு அசைஞ்சுது, சத்தம் வரல. ஆசாரியர் ஏலி, குடிச்சிருக்கான்னு நினைச்சுத் திட்டிட்டார். அப்புறம் பிள்ளை பிறந்தது. பேர் வச்சது அந்தம்மாதான்."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு பொம்பளை என்ன சொல்ல வர்றான்னு கேக்காமலே இருந்திருக்காங்க பாருங்க. என்ன காலமோ."

"மாமா, நானும் அதைத்தான்..."

"சும்மா இரும்மா. அன்னாளைப் பத்திப் பேசிட்டிருக்கோம்ல."

கணவன் அவள் காதருகே வந்தான். "அப்பா உருகிப் போயிருக்கார். கெடுத்துடாத."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. முன்மொழிந்த ஆலோசகருக்கும், உருகிய தலைவருக்கும், தேநீருக்கும் நன்றி கூறப்பட்டது.

அவள் தொட்டிலருகே போய்க் குனிந்தாள். பிள்ளையை அந்தப் பெயரால் முதன்முதலாகக் கூப்பிட்டாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"அங்க என்ன முணுமுணுப்பு? புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா?" என்று அதட்டினார் தலைவர்.

ஏலி கடைசியில் அன்னாள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். பாவம், அவருக்கென்று ஒரு குழு இல்லை.