கள்ளிக்குப்பம் கம்பியில் ஒரு கரிச்சான்

இல்லை மாமா, நான் வரமாட்டேன். பொங்கலுக்கு முன்னாலும் வரமாட்டேன், பின்னாலும் வரமாட்டேன். வணக்கம் சொல்வதற்குள் கோபம் முந்திக்கொண்டது, வணக்கம். செய்யாறு பாத்திரக்கடை கலியமூர்த்தி மாமாவுக்கும் அத்தைக்கும் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து அக்கா மகன் மனோகரன் எழுதுவது. இங்கே அம்மா முட்டிவலி தவிர சுகம், அப்பா என்னைத் தவிர சுகம். அங்கே நீங்களும் கடையும் பளபளவென்று இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு என்னதான் கிழிக்கிறாய், பேசாமல் கடைக்கு வந்து பாத்திரத்தில் பேர் வெட்டு என்று எழுதியிருந்தீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமா, ஊரில் எவனோ கல்யாணம் செய்துகொள்வான், அவன் அண்டாவில் அவன் பேரை நான் குனிந்து உட்கார்ந்து டொக்கு டொக்கென்று வெட்ட வேண்டுமா? அப்பாவோ தை பிறந்ததும் என்னை மூட்டை கட்டி உங்களுக்கு அனுப்புவதாகச் சபதம் போட்டிருக்கிறார். ஆனால் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. குருவிப் படம் பிடித்துக் கிடைத்த வேலை. சிரிக்காமல் மேலே படியுங்கள்.

இங்கே பறவை பார்ப்பவர்கள் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குவார்ட்டர்ஸே டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இவர்கள் மட்டும் ஏரிக்கரையில் நின்று வானத்தைப் பார்ப்பார்கள். தலைவர் பக்தவத்சலம் சார், ஃபேக்டரியில் ஆபீசர். மன்றத்தில் ஒரே ஒரு பைனாகுலர். அது அவர் கழுத்தில்தான் தொங்கும். அதில் ஒரு பக்கம் பூஞ்சை பிடித்துவிட்டது, மறுபக்கம் வைக்கிற கண்ணில் அவருக்குப் புரை. பறவையைத் தொந்தரவு செய்யக் கூடாது, பறவைக்கும் நமக்கும் நடுவே ஒரு தெருவாவது இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். இவர்கள் இந்த வருஷம் ஒரு போட்டி வைத்தார்கள். அ, ஆ, இ, ஈ என்று உயிரெழுத்து ஒவ்வொன்றுக்கும் அந்த எழுத்தில் தொடங்கும் பறவை ஒன்றைப் படம் எடுக்க வேண்டும். ஔவை மட்டும் மன்னித்து விட்டுவிட்டார்கள். குவார்ட்டர்ஸில் எல்லா ஜில்லா ஆட்களும் இருப்பதால், ஒரே குருவிக்கு வீட்டுக்கு வீடு வேறு பேர். அடிதடி வராமலிருக்க, எங்கள் ஊரில் இதற்கு இதுதான் பேர் என்று சொல்ல ஒரு சாட்சி வந்தால் அந்தப் பேர் செல்லும் என்று விதி எழுதினார்கள். பூந்தமல்லியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஹாஜா மொய்தீன் பாயும் மன்றத்தில் உறுப்பினர். கல்யாணப் படம் எடுக்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஜெயிக்கிறவன் இளவட்டமாக இருந்தால் அவனையே சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டபிறகுதான் எனக்குப் பறவைகள் மேல் பாசம் வந்தது.

தபாலாபீஸ் ஜேம்ஸ் அண்ணன் தன் பழைய கேமராவை எனக்குக் கொடுத்தார். அவரும் போட்டியில் இருந்தார், ஆனாலும் கொடுத்தார். நான் ஜெயிப்பேன் என்பதில் அவருக்கு அவ்வளவு அவநம்பிக்கை. முதலில் வெள்ளானூர் போனேன். ஆந்தை இருக்கிறது என்று சொன்ன மரத்தடியில் நாய் இருந்தது. நாய் என்னை ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டது. அடுத்து திருவேற்காடு. ஈக்குருவி, ஊர்க்குருவி, உள்ளான் என்று அடித்துத் தள்ளிவிட்டு, படம் விழுந்திருக்கிறதா பார்க்கலாம் என்று பஸ்ஸிலேயே கேமராவின் முதுகைத் திறந்துவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெரியவர், "ஃபிலிம்ல வெளிச்சம் பட்டா போச்சேப்பா" என்றார். திறந்த பிறகு சொன்னார். ஆக ஒரு சுருள் அவுட். இன்னொரு சுருள் வாங்கித் தர அம்மாவால் மட்டும்தான் முடிந்தது, அதுவும் ஒன்றே ஒன்று.

அந்தச் சுருளைப் போட்டுக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் கள்ளிக்குப்பம் பக்கம் சைக்கிள் மிதித்தபோதுதான் மாமா, காலி மனைக்கு மேலே கரண்ட் கம்பியில் அவன் உட்கார்ந்திருந்தான். கன்னங்கரேல். வால் இரண்டாகப் பிளந்திருந்தது. மன்றத்தின் சட்டப்படி தெருவுக்கு இந்தப் பக்கமே நின்று எடுத்தேன். பறக்கவில்லை. மறுநாள் போனேன், அங்கேயே இருந்தான். தூறலில் போனேன், வெயிலில் போனேன், எனக்காகவே பிறந்தவன் மாதிரி இருந்தான். பத்து ஊர் அலைந்து பத்துப் பறவையைத் துரத்துவானேன் என்று யோசித்தேன். ஒரு பறவையை ஓர் எழுத்துக்குத்தான் காட்ட வேண்டும் என்று விதியில் எவனும் எழுதவில்லை. அப்புறம் குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் போய், மாட்டு முதுகில் உட்காருமே, வால் இரண்டாகப் பிரிந்த கறுப்புக் குருவி, அதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு வந்தேன்.

போன ஞாயிறு தீர்ப்பு. ஜேம்ஸ் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுத்த எட்டு எழுத்துக்கான படங்களை அடுக்கினார். பிரமாதமான படங்கள், அட்டை கடித்த தழும்பைக்கூடக் காட்டினார். அப்புறம் நான் அடுக்கினேன்.

"தம்பி, இதுல பறவை எங்க இருக்கு?" என்றார் பக்தவத்சலம் சார்.

"கம்பி மேல சார். உளுந்து சைஸுக்கு."

"ஆமா, வால் தெரியுது. கரிச்சான். க நம்ம போட்டியிலயே இல்லையே?"

"இ-க்கு வெச்சிருக்கேன் சார். இரட்டைவாலன்."

"சரி. இதுவும் அதே மாதிரி இருக்கே?"

"அது எ சார். எருமைக்குருவி."

ஜேம்ஸ் அண்ணன் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "இன்னா மாமே, ஒரே குருவிய வெச்சிகினு மன்றத்தையே ஓட்றியா? எருமைக்குருவியாம்! எவன்டா வெச்சான் பேரு?"

வாசலில் நான் நிறுத்தி வைத்திருந்த பார்வதம் அக்கா உள்ளே வந்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கம். "எங்க ஊர்ல எருமைக்குருவின்னுதாம்ல சொல்லுவாக. எங்க ஊர் பேச்சைப் பேச்சே இல்லங்கியா?" தாயம்மாள் அக்கா, அது தப்பு, உழவுக்குருவிதான் சரி, ஏர் பின்னாலேயே வரும் என்றது. எனக்கு உ கிடைத்தது. தருமபுரி கண்ணம்மா அக்காவோ, "ஐயனார் குதிரை தலைமேல குந்திக்கினு இருக்கும், ஐயனார் குருவி, இதுகூடத் தெரியலையா உங்களுக்கு?" என்றது. ஐ வந்தது. யாரும் படத்தைப் பார்க்கவில்லை மாமா, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். இப்படியே ஒற்றைக்குருவி, ஆனைச்சாத்தான், ஊசிவாலன் என்று ஒன்பது எழுத்து தேறிவிட்டது. ஜேம்ஸ் அண்ணனுக்கு எட்டு.

விடவில்லை அவர். நேரில் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்றார். மன்றமே சைக்கிளில் கள்ளிக்குப்பம் போயிற்று. என் ஆள் அங்கேயே இருந்தான். எல்லோரும் தெருவுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்றோம். சார் பைனாகுலரை வைத்துக்கொண்டு வெகுநேரம் மூச்சே விடவில்லை. காற்று ஒன்று வந்தது. "வாலாட்டுது!" என்று கிசுகிசுத்தார். "யாரும் கிட்ட போகாதீங்க. இத்தனை பேர் வந்தும் பறக்கலைன்னா, அதுக்கு நம்ம மேல நம்பிக்கை வந்திருக்குன்னு அர்த்தம்." ஜேம்ஸ் அண்ணன்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

திரும்பும் வழியில் பாய் என் தோளில் கை போட்டார். "நைனா, உன் போட்டோ சுமார்தான். ஆனா ஆளுக்கொரு ஊர்ல இருந்து வந்த பொம்பளைங்கள ஒரே நாள்ல உனுக்காகப் பேச வெச்சே பாரு. கல்யாண ஊட்ல சண்ட போட்டுகினு நிக்கிற ரெண்டு சம்பந்தியையும் ஒரே படத்துல நிக்க வெக்கணும்னா உன்ன மாதிரி ஆளுதான் வோணும்" என்றார். ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். அந்தக் குருவியைக் கிட்டப் போய், கண்ணு மூக்கு தெரிய ஒரு படம் எடுத்து வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கொண்டுவர வேண்டும். பெரிதாக்கி ஸ்டூடியோ வாசல் கண்ணாடியில் மாட்டப்போகிறார். அதற்கு நல்ல கேமரா ஒன்றும் கொடுத்துவிட்டார். கிட்டப் போக மன்றமும் எனக்கு மட்டும் தனி அனுமதி கொடுத்திருக்கிறது. ஆகவே மாமா, உங்கள் அண்டாக்களுக்கு வேறு ஆள் பாருங்கள். நான் பூந்தமல்லி ஸ்டூடியோக்காரன். அத்தையிடம் நான் காலில் விழுந்ததாகச் சொல்லி, எழுந்திரு என்று அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் உடம்புக்கும் வியாபாரத்துக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க... ஜேம்ஸ் அண்ணன் வாசலில் கத்துகிறார். "டேய் மனோ! கள்ளிக்குப்பத்துல லைன்மேன் ஏணி சாத்தினுகீறான்டா! உன் குருவிய தொரத்திடப் போறான், சைக்கிள எட்றா!" நான் போகணும் மாமா.

பின்குறிப்பு: ஜேம்ஸ் அண்ணன் சைக்கிளில் வழியிலேயே செயின் கழன்றுவிட்டது, கடவுள் இருக்கிறார். நான் மட்டும்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். லைன்மேன் சின்னப்பையன் கம்பத்து மேலே இருந்தான். "அண்ணாத்தே, குருவிய ஒண்ணும் பண்ணாதீங்க"ன்னு கத்தினேன். "எந்தக் குருவிபா? குடைத்துணி இது. மழைல எவனோ குடைய பறக்க உட்டுகீறான்"னு அவன் அதைப் பிய்த்துக் கீழே போட்டான். என் கையிலேயே வந்து விழுந்தது. ஓரத்தில் தையல்கூட இருக்கு மாமா. சட்டைக்குள்ளே திணிக்கவும் பக்தவத்சலம் சார் மூச்சு வாங்க வரவும் சரியா இருந்தது. "எங்கப்பா அது?"ன்னார். "வலசை போய்டுச்சு சார்"னு சொல்லிட்டேன். மனுஷன் கண்ணாடியக் கழட்டித் துடைச்சுக்கினார். "நம்ம எல்லாரையும் பார்த்துட்டுதான் கிளம்பியிருக்கு"ன்றார்.

விஷயம் இன்னான்னா மாமா, நிஜக் கரிச்சானை நான் இதுவரைக்கும் கண்ணால பார்த்ததே இல்ல. இங்க தேடினா மன்றத்து ஆளுங்க பார்த்துடுவாங்க. செய்யாத்துல எருமை மேயற பக்கம் நிறைய இருக்கும்னு அம்மா சொல்லுது. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணு மாட்டினா பாய்கிட்ட ஓடிடுவேன். மாட்டலைன்னா அங்கயே குந்திகினு பேர் வெட்ட வேண்டியதுதான், வேற இன்னா பண்றது. நாளைக்கு மொத பஸ்ஸுல வரேன். இந்தக் கடுதாசி தபால்ல வர்றதுக்குள்ள நானே வந்துடுவேன்றதால கையிலயே கொண்டாந்து தரேன். மொத பக்கத்தை மட்டும் என் எதிர்ல படிக்காதீங்க.