ராணியின் சட்டைக் கைக்காக நடந்த போர்

வாழ்க தையற்காரி! கத்தரி ஏந்திய கரத்தாள், அளவுநாடாவே ஆரமாய் அணிந்தவள், எத்தோளையும் கண்ணாலேயே அளந்துவிடும் கூர்விழியாள். அவள் கொற்றம் ஓங்குக!

"அந்த ஓவியத்துல ராணி போட்டிருக்காங்களே, அதே மாதிரி கை வேணும்க்கா" என்று மணப்பெண் ஒருத்தி பட்டுத்துணியைக் கொடுத்துச் சென்றதே இப்பெரும்போரின் வித்து. எதிர்க்கடைக்காரர் முடியாதென்று கைவிரித்த வேலை அது. மறுநாள் காலை துணியை வெட்டியாக வேண்டும். அவ்வோவியம் வைக்கப்பட்டிருந்த அருங்காட்சியகத்திலோ கண்காட்சிக்கு அன்றே இறுதி நாள். கதவடைக்கக் கால் மணி நேரமே எஞ்சியிருந்தது.

மூச்சிரைக்க மூன்றாம் கூடத்துள் புகுந்தவள், உயர்த்திய கைபேசிகள் உருவிய வாள்களெனப் பளபளக்க, முதுகுகள் மதில்களாகவும் முதுகுப்பைகள் கொத்தளங்களாகவும் திரண்டு நிற்க, செல்ஃபிக் குச்சிகள் வேற்படையென நாற்றிசையும் சுழல, ஆர்கலியெனக் கொந்தளித்த அச்சேனைக்கு அப்பால், பொன்சட்டமிட்ட அரியணையில் ராணி ஒய்யாரமாய் வீற்றிருக்கக் கண்டாள்.

"கொஞ்சம் வழி விடுங்க!" எனும் போர்முழக்கத்தோடு பாய்ந்தாள் வீராங்கனை. முதற் படையெடுப்பில் நெட்டையன் ஒருவனின் மலைநிகர் முதுகு மட்டுமே படத்தில் விழுந்தது. இரண்டாம் முறை அவன் அக்குளுக்கடியில் குனிந்து எடுத்தாள். கூரைவிளக்கு ஓவியத்தின் கண்ணாடியில் கொடுஞ்சூரியனெனத் தகித்துச் சட்டைக் கையை விழுங்கிற்று. மூன்றாம் முறை அவள் கைபேசியே மின்னல் வெட்டியது.

"ஃப்ளாஷ் போடக்கூடாதும்மா!" என இடிமுழங்கினார் காவலாளி.

கூடமே திரும்பிப் பார்த்தது. காது மடல் சிவந்தது அவளுக்கு. எதிர்க்கடைக்காரர் நமட்டுச் சிரிப்பு சிரிப்பது கண்முன் தோன்ற, முகம் வாடிற்று.

அம்முகவாட்டம் கண்டு இரங்கினான் நெட்டையன். பனையொத்த இரு கைகளையும் விரித்து, "எல்லாரும் ஒரு நிமிஷம் தள்ளி நில்லுங்க! அக்காவுக்கு ஒரு படம் எடுக்கணும்!" எனப் பறைசாற்றினான். பிளந்தது சேனை. விரிந்தது வீரப்பாதை. கைபேசியை வாங்கிக்கொண்டு, "நீங்க போய்ப் பக்கத்துல நில்லுங்கக்கா" என்றான்.

"ஐயோ, நான் வேண்டாம்ப்பா, அந்தக் கை மட்டும்தான்..." என்று அவள் தொடங்க, மூடும் மணி கணகணவென ஒலித்து அச்சொற்களை விழுங்கிற்று. ஊரே ஒதுங்கி வழிவிட்டபின் மறுப்பது எங்ஙனம்? ராணியருகே சென்று, வாகை சூடிய வேந்தென நிமிர்ந்து, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். படம் பளிங்கெனப் பதிந்தது. நெட்டையனை வாயார வாழ்த்தி, வெற்றித்திருமகளெனப் படியிறங்கினாள்.

பேருந்தில் உட்கார்ந்து படத்தைத் திறந்து பார்த்தபோது, ராணியின் சட்டைக் கை இருக்க வேண்டிய இடத்தில் அவள் தலை இருந்தது.