என்ன களை!

போன வாரம் ஒரு செடியைப் பிடுங்கினார். இன்று அதே குழியிலிருந்து மூன்று எட்டிப் பார்த்தன.

"இது எப்படி?" என்று புல்தரையில் மண்டியிட்டார் லிஃப்ட் மெக்கானிக்.

"மஞ்சளா பூத்துட்டுப் போகட்டும், விடுங்களேன்" என்றாள் மனைவி.

"விடுறதா? அக்கா என்ன அனுப்பியிருக்கான்னு பாரு!"

கைபேசியை நீட்டினார். 'தம்பி, நீ அனுப்பின போட்டோ பார்த்தேன், உன் புல்தரையில என்ன களைடா! நம்ம பொண்ணு கல்யாண வரவேற்பை எங்க வைக்கிறதுன்னு மாசக் கடைசியில நேர்ல வந்து முடிவு பண்றேன்.'

அக்கா மகள் அவர் தோளில் தூக்கி வளர்த்த பெண். வரவேற்பு தன் வீட்டில் நடக்கவேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. சும்மா விடுவாரா?

காரணம் சீக்கிரமே பிடிபட்டது. அந்தச் செடியின் வேர் முள்ளங்கி போல ஆழமாக இறங்கும். இழுத்தால் பாதியில் ஒடியும். உள்ளே தங்கிய துண்டு, ஒரு தலைக்குப் பதில் இரண்டு மூன்று தலை விடும்.

"அப்போ தோண்டணும்!" என்று துள்ளி எழுந்து மண்வெட்டியை எடுத்தார். மண்வெட்டி வேரைத் துண்டு துண்டாக நறுக்கியது. துண்டுக்கு ஒரு செடி முளைத்தது. மூன்று முப்பதானது.

"பிடுங்குறீங்களா, பயிர் பண்றீங்களா?" என்றாள் மனைவி.

அடுத்து, புல்லை ஒட்ட வெட்டினார். வளர்ந்த புல் மண்ணுக்குக் குடை மாதிரி. குடை போனதும் வெயில் உள்ளே விழுந்தது. தூங்கிக் கிடந்த விதைகளெல்லாம் விழித்துக்கொண்டன. முப்பது முந்நூறானது.

"வெளிச்சம்! வெளிச்சம்தான் எதிரி!" என்று குதித்தவர், தரை முழுக்கக் கறுப்புத் தார்ப்பாயை விரித்து, ஓரங்களில் செங்கல் வைத்தார். பத்தே நாளில் களை கருகியது. கூடவே புல்லும்.

மாதக் கடைசியில் அக்கா தன் மகளோடு வந்து இறங்கியதும், மெக்கானிக் தார்ப்பாயை ஒரே இழுப்பாக இழுத்தார்.

"பாருக்கா! ஒரு களை இருக்கா?"

அக்கா வாயில் கை வைத்தாள். "இல்லடா, சுத்தமா களையே இல்ல! அன்னைக்கு மஞ்சப் பூவும் பச்சையுமா எவ்வளவு களையா இருந்துச்சு! அதைப் பார்த்துத்தானே இங்கயே வைக்கலாம்னு நினைச்சேன்."

"அப்போ நீ சொன்ன களை..."

"அழகைச் சொன்னேன்டா, மண்டு! இனி மண்டபம்தான் பார்க்கணும்."

மெக்கானிக் செங்கல் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

மணப்பெண் குனிந்து நகத்தால் மண்ணைக் கீறினாள். வெள்ளை வெளேரென்று ஒரு வேர்த்துண்டு தெரிந்தது.

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கே மாமா, வேரெல்லாம் உயிரோடதான் இருக்கு. தினம் தண்ணி ஊத்துங்க, களை தானா வந்துடும்!"