மேற்படி தலைக்கு உரிய அடர்த்தி

ஓர் அரசு ஊழியர் அலுவலகத்துக்கு வந்திருக்கிறாரா என்பதை, அவர் வந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்துவிடக் கூடாது என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். அதன்படி ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள ஓர் அலுவலகத்தின் வாசலில் முகம் பார்க்கும் இயந்திரம் பொருத்தப்பட்டது. முகத்தைக் காட்டினால் பெயர் சொல்லி வணக்கம் வைக்கும். அந்த வாசலில் இதுவரை யாரும் யாருக்கும் வணக்கம் வைத்ததில்லை என்பதால் ஊழியர்கள் முதலில் சற்றுக் கூச்சப்பட்டார்கள்.

கண்காணிப்பாளர் கருத்தையாவுக்கு மட்டும் அது வணக்கம் வைக்கவில்லை. "முகம் பொருந்தவில்லை" என்றது. இயந்திரத்துக்குள் ஏற்றியிருந்தது அவர் வேலையில் சேர்ந்தபோது எடுத்த படம். அதில் அவருக்குத் தலை நிறைய முடி. இப்போது தலை மட்டும்தான்.

மாதக் கடைசியில் அவருக்குப் பணி ஓய்வு. அதுவரை வருகை பதிவாகாவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனவர் என்றாகி, ஓய்வூதியமே கிடைக்காமல் போகும். அலறியடித்துக்கொண்டு அலுவலர் அனுசியாவிடம் ஓடினார்.

"மேடம், நான் தெனமும் வாரேன். நீங்களே பாக்கீங்க."

"நான் பாக்கிறேன் சார். மிஷின் பாக்கலையே."

"அப்போ என் போட்டோவ மாத்தச் சொல்லுங்க."

"மாத்தலாம். சென்னைக்கு எழுதணும். நீங்க ஒழுங்கா வேலைக்கு வந்ததுக்கு ஆதாரம் கேப்பாங்க."

"அந்த ஆதாரத்த மிஷின்தான குடுக்கணும்?"

"அதான் சார் சிக்கல்." அனுசியா கொஞ்சம் யோசித்தார். "போட்டோவ மாத்தத்தான் அனுமதி வேணும். தலைய மாத்த அனுமதி எதுவும் வேண்டாம்."

இதே தரத்திலான பதில்களைத் தானும் பல்லாண்டுகளாகப் பொதுமக்களுக்கு வழங்கிவந்தவர் என்பதால் கருத்தையாவால் அதில் குறை காண முடியவில்லை.

மறுநாள் மனைவி வெங்கடேஸ்வரியோடு ராஜபாளையம் பஸ் ஏறினார். அங்கே விக் கடை வைத்திருந்த மெர்வின், ஒரு டாக்டரைப் போல அவருடைய தலையைத் தட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, விக்குல நீளமும் நெறமும் ஒரு விசயமே இல்ல. அடர்த்திதான் எல்லாம். எம்பது சதவீதம்னா மாப்பிள்ளையோட அப்பா. நூறுன்னா பேங்க் மேனேஜர். நூத்திருபதுன்னா மாப்பிள்ளை. நூத்தம்பதுன்னா கட்சியில மாவட்டப் பொறுப்பு."

"கண்காணிப்பாளருக்கு எம்புட்டு?"

"புரமோஷன் கெடைச்சவரா, கெடைக்காதவரா?"

"கெடைக்காதவரு."

"அப்போ தொண்ணூறுக்கு மேல போனா ஊரு பேசும்."

வெங்கடேஸ்வரி அதற்குள் நூற்றைம்பதை எடுத்துக் கணவர் தலையில் கவிழ்த்தாள். "இதுதான் நல்லாருக்கு."

"ஏட்டி, நெத்தியவே காணோமே!"

"அந்த நெத்தியத்தான் இன்னும் எம்புட்டு நாளைக்குப் பாக்க?"

"நமக்குப் பிடிச்சு என்ன செய்ய? மிஷினுக்குல்ல பிடிக்கணும்" என்றார் கருத்தையா.

அது நியாயமாகப் பட்டதால், மெர்வின் எல்லா அடர்த்திகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவர்களோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டார்.

வாசலில் அலுவலகமே திரண்டிருந்தது. அன்று வேறு வேலை எதுவும் நடக்கவில்லை. மற்ற நாட்களோடு ஒப்பிட்டால் இது பெரிய வித்தியாசமில்லை.

முதலில் தொண்ணூறு. "முகம் பொருந்தவில்லை" என்றது இயந்திரம்.

அடுத்து நூற்றைம்பது. "தயவுசெய்து தலைக்கவசத்தைக் கழற்றவும்."

நூற்றிருபதைப் பொருத்திக்கொண்டு கருத்தையா கண்ணை மூடி நின்றார். "கண்ணைத் திறங்க சார்" என்று அலுவலக உதவியாளர் மாரிசாமி அதட்டினார். திறந்தார்.

"வணக்கம், கருத்தையா."

எல்லோரும் கைதட்டினார்கள். 'மேற்படி தலைக்கு உரிய அடர்த்தி நூற்றிருபது சதவீதம் என இதன்வழி நிர்ணயிக்கப்படுகிறது' என்று அனுசியா அன்றே ஆணை பிறப்பித்தார். மெர்வின் தன் கடை வாசலில் 'அரசு நிர்ணயித்த அடர்த்தி இங்கே கிடைக்கும்' என்று பலகை மாட்டினார். ராஜபாளையத்து இளைஞர்கள் சொந்த முடியை மறைத்துக்கொண்டு அதை வாங்கி மாட்டினார்கள். அதைவிட அடர்த்தியாக முடி வளர்ந்துவிட்டவர்கள் சலூனுக்குப் போய் நூற்றிருபதுக்குக் குறைத்துக்கொண்டார்கள். பெண் வீட்டார், "பையனுக்கு அரசு அடர்த்திதான?" என்று விசாரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசினார்கள்.

கருத்தையாவுக்கோ தலை வெந்தது. வெயில் காலம், மின்விசிறிக்குக் கீழேயும் வேர்வை. ஒரு நாள் விக்கைக் கழற்றி, மேசையில் இருந்த உரித்த தேங்காயின் மேல் வைத்தார்.

அந்தத் தேங்காய் அங்கே வந்ததும் முறைப்படிதான். கான்சாபுரம் விவசாயி இருளப்பசாமி தன் தென்னந்தோப்புக்குப் பட்டா மாற்றக் கேட்டிருந்தார். தோப்பில் தென்னை இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று கருத்தையா மனுவைத் திருப்பி அனுப்பியதால், அவர் ஆதாரத்தோடு வந்திருந்தார்.

சாயங்காலம் மாரிசாமி விளையாட்டாகத் தேங்காயை விக்கோடு தூக்கிக்கொண்டு வாசலைக் கடந்தார். அதன் மூன்று கண்ணில் இரண்டைக் கண் என்றும் ஒன்றை வாய் என்றும் இயந்திரம் எடுத்துக்கொண்டது.

"நன்றி, கருத்தையா. நாளை சந்திப்போம்."

மறுநாள் கருத்தையா வரவில்லை. தேங்காய் வந்தது. மாரிசாமி காலையில் அதை இயந்திரத்துக்குக் காட்டி, நாற்காலியில் உருளாமல் இருக்க ஒரு பிரிமணை வைத்து உட்கார்த்திவிடுவார்.

புதிய கணினி முறைப்படி, இருக்கையில் ஆள் இருந்தும் மூன்று நாளுக்குள் ஆட்சேபணை எழுதாவிட்டால் மனு ஏற்கப்பட்டதாகப் பொருள். கருத்தையா இருந்தவரை அந்த விதிக்கு வேலையே இருந்ததில்லை. தேங்காய் எதையும் ஆட்சேபிக்கவில்லை. தேங்கிக் கிடந்த மனுக்கள் மளமளவென்று நகர்ந்தன. இருளப்பசாமிக்குப் பட்டா கிடைத்தது.

"புது சாரு தங்கமான மனுசன்" என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். "எரிஞ்சு விழுறதே இல்ல."

"போனையும் நோண்ட மாட்டேங்காரு."

"கண்ணுதான் மூணு இருக்கு."

"இருக்கட்டுமே. முந்தி இருந்தவருக்கு ரெண்டு இருந்துச்சு. நம்மள ஒரு நாளாவது பாத்தாரா?"

மாதக் கடைசியில் கருத்தையாவுக்கு மாலை போட்டு வழியனுப்பினார்கள். ஓய்வூதிய மனுவைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார். ஓய்வூதிய மனுக்கள் எல்லாம் அவருடைய பழைய இருக்கைக்குத்தான் போகும். நான்காம் நாளே அது திரும்பி வந்தது.

'மனுதாரர் நாள்தோறும் பணிக்கு வந்துகொண்டிருப்பதால் அவருக்கு ஓய்வூதியம் வழங்க வழியில்லை. ஒப்பம், கருத்தையா.'

வெறுந்தலையோடு அனுசியாவிடம் ஓடினார்.

"மேடம், அந்தச் சீட்டுக்கு வேற ஆளப் போடுங்க!"

"காலியா இருந்தாத்தான சார் போட முடியும்? ஆளு தெனமும் கரெக்டா வாராரே. மாவட்டத்துலயே நல்ல அட்டென்டன்ஸ் அவருக்குத்தான்."

வெளியே வந்து மாரிசாமியைப் பிடித்தார். "ஏலே, தேங்கா எப்படிடா ஆட்சேபணை எழுதும்?"

"என்னைய ஏன் சார் கேக்கீங்க? கீழ கையெழுத்து ஒங்களோடதுதான" என்று உதட்டில் ஒட்டியிருந்த இனிப்பைத் துடைத்துக்கொண்டு மாரிசாமி நகர்ந்தார்.

வரிசையில் இருளப்பசாமி நின்றிருந்தார், இந்த முறை மகன் தோப்புக்காக. கையில் ஒரு பால்கோவா டப்பா.

"ஐயா வெறுங்கையோடயா வந்தீய?"

"தேங்கா பால்கோவா கேட்டுச்சாய்யா?"

"அது பாவம், வாயத் தொறந்து ஒண்ணுங் கேக்கல. சும்மா வேலை நடந்தா நமக்குத்தான் ஒரு மாதிரி இருக்குல்ல? மொதல்ல ஒருத்தரு வச்சாரு. பொறவு எல்லாரும் வச்சோம். இப்போ வைக்காதவன் மனுவெல்லாம் திரும்பி வருது."

கருத்தையா கடைவீதிக்குப் போய் அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றார். முறை வந்ததும் டப்பாவை மேசையில் வைத்தார். லேசாகச் சரிந்திருந்த விக்கை இரண்டு கையாலும் நேராக்கிவிட்டார். குனிந்து கும்பிட்டார்.

பின்னால் நின்ற பெண் எட்டி டப்பாவைப் பார்த்தாள்.

"அரைக் கிலோவா? அவியளக் கோவப்படுத்திராதீய ஐயா, எங்க வேலையும் கெட்டுப்போகும்."